படையலுக்கு அவள் எங்கே?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். எந்நேரமும் கையில் ஆங்கில மர்ம நாவல்தான். எல்லாவற்றிலும் ஒரு சாவு, காணாமல் போன ஒரு பெண், அதைத் தோண்டித் துருவும் இன்னொரு பெண். இப்போது ‘வி வேர் லையர்ஸ்’ என்ற ஒன்றை மூன்றாவது தடவையாகப் படிக்கிறாள். என் மூத்த மகன் இரண்டு வருஷம் முன்பு பைக் விபத்தில் போய்விட்டான். முதல் வருஷப் படையலன்று, தாங்கமாட்டாள் என்று இவளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அதற்கப்புறம்தான் இந்தப் பைத்தியம். மார்க்கும் குறைகிறது. எப்படி நிறுத்துவது?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: புத்தகம் இருக்கட்டும். கூடப் பிறந்தவனுக்குப் படையல் போட்ட அன்று அந்தப் பெண்ணை எதற்கு வீட்டைவிட்டு அனுப்பினீர்கள்?

அன்றைக்கு யார் யார் வந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவன் உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காத பங்காளிகள்கூட வந்து, இலை போட்டுச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். அவன் படத்துக்கு முன்னால் என்ன வைத்தீர்கள்? அவனுக்கு எது பிடிக்கும் என்று உங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அவன் தட்டிலிருந்து பிடுங்கித் தின்றவள் அவள்.

தாங்கமாட்டாள் என்கிறீர்கள். அவளைக் கேட்டீர்களா? அவள் அழுவதைப் பார்க்க உங்களுக்குத்தான் தெம்பு இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் இப்படிப் பேசலாமா என்று நாலு பேர் எனக்குக் கடிதம் எழுதுவார்கள். எழுதட்டும். அவன் உங்களுக்கு மகன் என்றால் அவளுக்கு அண்ணன். அந்தத் துக்கத்தில் அவளுக்கும் பங்கு உண்டு, அதை அமுக்கிவைக்கப் பெற்றவளுக்குக்கூட உரிமை கிடையாது.

அந்த நாவல் நான் படித்ததுதான். 2014இல் வந்தது, இ. லாக்ஹார்ட் எழுதியது. சொந்தத் தீவில் கோடையைக் கழிக்கும் பணக்கார அமெரிக்கக் குடும்பம். பதினைந்து வயதில் அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஏதோ நடக்கிறது, என்னவென்று அவளுக்கே நினைவில்லை. கேட்டால் யாரும் வாயைத் திறப்பதில்லை. அப்பா விட்டுப் போகும்போதுகூட, ஒன்றும் நடக்காத மாதிரி இரு என்றுதான் அம்மா சொல்கிறாள். (முடிவைச் சொல்லமாட்டேன், வாங்கிப் படியுங்கள்.) உங்கள் மகள் மூன்றாவது தடவையாக எதைப் படிக்கிறாள் என்று இப்போது புரிகிறதா?

மர்மக் கதையில் ஒரு வசதி உண்டு. யார் கூப்பிட்டார்கள், எதற்குப் போனான், கடைசியாக யாரிடம் பேசினான் என்று ஒரு பெண் கேட்டுக்கொண்டே போவாள். புத்தகம் முடிவதற்குள் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். உங்கள் வீட்டில், அண்ணன் அன்றைக்கு எங்கே கிளம்பினான், ஹெல்மெட் போட்டிருந்தானா, ஆஸ்பத்திரியில் நினைவு இருந்ததா என்று அவள் யாரைக் கேட்பாள்? வாயெடுத்தால் மறுபடி சித்தி வீட்டுக்கு பஸ் ஏற்றிவிடுவீர்களோ என்று பயந்திருப்பாள்.

உங்களுக்குத் தெரிந்ததை உட்காரவைத்துச் சொல்லுங்கள். அவள் அழுதால் அழட்டும், நீங்களும் சேர்ந்து அழுங்கள். படையலன்று அனுப்பியது தப்பு என்று அவளிடம் ஒத்துக்கொள்ளுங்கள், பெற்றவள் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. ராத்திரி பதினொன்றுக்கு விளக்கை அணை என்று அதட்டலாம், அது உங்கள் அதிகாரம். புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். மார்க்கைப் பற்றிய பேச்சை இப்போதைக்கு மூட்டைகட்டி வையுங்கள்.

ஆனால் அவள் சாப்பாட்டைத் தொடாமல் கிடந்தாலோ, கையில் கீறிக்கொண்டாலோ, நானும் போயிருக்கலாம் என்கிற மாதிரி ஏதாவது சொன்னாலோ, ஜோசியரிடம் ஓடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் நள்ளிரவிலும் தமிழில் பேசலாம்.

அடுத்த படையலுக்கு என்ன சமைப்பது என்று அவள் சொல்லட்டும். அப்புறம், கடிதம் முழுக்க உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘அனுப்பிவிட்டோம்’ என்றதில் அவரும் உண்டல்லவா? மகள் கேள்வி கேட்கும்போது அவரும் பக்கத்தில் இருக்கவேண்டும், டிவியை அணைத்துவிட்டு.