சொகுசுப் பயணத்துக்குப் பணம் கட்டும் முன்: வாசகர் கேள்வி-பதில்

கே: நானும் கணவரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஜூனில் லடாக் போக ஆசை. ஏஜென்ட் ஒருவர் ‘லக்சுரி’ பேக்கேஜ் சொல்கிறார்: ஐந்து இரவு, லேயில் நல்ல ஓட்டல், மறுநாளே பாங்காங் ஏரிக்கரையில் கண்ணாடிக் கூடாரம். விலை நியாயமா என்று பார்த்துச் சொல்லுங்கள். (கும்பகோணம்)

ப: விலை கிடக்கட்டும் அம்மா, அந்த ‘மறுநாளே பாங்காங்’ என்பதை முதலில் அடிக்கச் சொல்லுங்கள். லே சுமார் 3,500 மீட்டர் உயரம். பாங்காங் 4,200 மீட்டருக்கும் மேலே, போகிற வழியில் சாங்லா கணவாய் 5,000 மீட்டரைத் தாண்டும். டெல்டாவின் சமதரையில் அறுபது வருடம் மூச்சுவிட்ட உடம்பை டெல்லியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டு, மறுநாள் காலை இன்னும் மேலே ஏற்றுவது எந்த வகையிலும் சொகுசு ஆகாது. இறங்கிய முதல் 48 மணி நேரம் லேயில் சும்மா இருக்க வேண்டும். அப்புறம் நுப்ரா பள்ளத்தாக்கு. கணவாய் தாண்டித்தான் போக வேண்டும் என்றாலும், இரவு தூங்கும் இடம் லேயை விடத் தாழ்வு. பாங்காங்கைக் கடைசியில் வையுங்கள், அதுவும் ஒரே ஒரு இரவு.

எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. ஏஜென்ட்டுகள் குறைப்பது எப்போதும் நாட்களைத்தான். ஒரு நாள் கூடினால் வண்டி, டிரைவர், அறை என்று செலவு ஏறும், விலைப்பட்டியலில் பக்கத்துக் கடைக்காரரை விட அதிகமாகத் தெரியும். அதனால் இரண்டு நாளை வெட்டிவிட்டு அந்த இடத்தில் குளியல் தொட்டியின் படத்தை ஒட்டிவிடுகிறார்கள், நாமும் படத்தைப் பார்த்துப் பணம் கட்டுகிறோம். ஆள் அரவமற்ற இடத்தில் வசதி என்பது வேறு. கூடாரத்தில் ஹீட்டர் விடியும்வரை ஓடுமா, ஜெனரேட்டரை இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்களா? வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா? தலைவலி, வாந்தி கூடினால் அந்த ராத்திரியே கீழே இறக்க டிரைவர் பக்கத்திலேயே தங்குவாரா? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது.

ஏழு இரவுக்குக் குறைந்தால் போக வேண்டாம் என்பேன். திரும்பும்போது டெல்லியில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள், வானிலை கெட்டால் லே விமானங்கள் ரத்தாகும். பிரஷர், இதய நோய் இருந்தால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். உயரத்தில் வரும் மலை நோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரையை அவர் எழுதிக்கொடுத்தால் மட்டும் சாப்பிடுங்கள், சல்ஃபா வகை மருந்து ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

கே: சனிக்கிழமை மலையேற்றப் பயணம். நேற்றுதான் விலை உயர்ந்த பூட்ஸ் வாங்கினேன். (திருவாரூர்)

ப: பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள்.

கே: கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குப் பூங்கா, ஆகஸ்ட், நான்கு நாள். இரண்டு ஏஜென்ட்டுக்கும் இடையில் ஒரு லட்சம் வித்தியாசம். மலிவானதை எடுக்கலாமா? (மயிலாடுதுறை)

ப: மலிவானவர் எதையெல்லாம் விட்டிருக்கிறார் என்று பாருங்கள். ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டவருக்குப் பூங்கா நுழைவுக் கட்டணம் மட்டும் ஒரு நாளைக்கு ஆளுக்கு 200 டாலர். அது சேர்ந்திருக்கிறதா? வண்டி உங்கள் குடும்பத்துக்கு மட்டுமா, வேறு ஆட்களோடு பங்கா? நைரோபியிலிருந்து சிறு விமானமா, தரைவழியா? சிறு விமானம் என்றால் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் துணிப்பையில். சக்கர சூட்கேஸை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விலங்குக் கூட்டம் ஆற்றைக் கடப்பதைக் கட்டாயம் காட்டுவேன் என்று எவராவது உறுதி சொன்னால், அவரை விட்டுவிடுங்கள். அது யார் கையிலும் இல்லை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்ப பத்து நாளுக்கு முன்பாவது போட்டிருக்க வேண்டும். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே பிடித்துத் தனிமைப்படுத்துவார்கள். வெளிநாட்டு பேக்கேஜுக்கு ஏஜென்ட் முன்கூட்டியே பிடிக்கும் டிசிஎஸ் என்ற வரி உங்கள் பணம்தான், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

கே: அண்டார்டிகாவுக்குப் பெரிய கப்பல், இரண்டாயிரம் பேருக்கு மேல். சலுகை விலை என்பதால் முழுப் பணமும் கட்டிவிட்டேன். பெங்குவின் பக்கத்தில் இறங்கிப் படம் எடுக்கலாம்தானே? (தஞ்சாவூர்)

ப: முடியாது. ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் அங்கே யாரையும் கரையில் இறக்காது. சிறு கப்பல்களுக்கும் ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் நூறு பேர்தான். நீங்கள் தூரத்திலிருந்து பனியைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். இத்தனை லட்சம் கட்டுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது, தம்பி. ஒரு நெல் மூட்டை வாங்கினாலும் கையை விட்டு அள்ளிப் பார்க்கிற ஊர்க்காரர் நீங்கள். ரத்து விதிகளை இன்றே படியுங்கள், கிளம்பும் தேதி நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறும்.

கே: இமாசலத்தின் ஸ்பிதியில் ‘ஹீட்டருடன் கூடிய சொகுசுக் கூடாரம்’ என்று 1,40,000 வாங்கினார்கள். ஹீட்டரும் இல்லை, வெந்நீரும் இல்லை. அம்மாவுக்கு ராத்திரி முழுக்க நடுக்கம். கேட்டால் ‘டெர்ம்ஸில் இருக்கிறது’ என்கிறார்கள். எங்களுக்கு அங்கே போய் வழக்குப் போட வழியில்லை. (மன்னார்குடி)

ப: எங்கேயும் போக வேண்டாம். படிக்கவே மனசு கஷ்டமாக இருந்தது, அம்மா இப்போது நலம் என்று நம்புகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம், அதாவது திருவாரூரில். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். விளம்பரத்தை அவர்கள் அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வாட்ஸ்அப் பேச்சு, பணம் போன ரசீது, கூடாரத்தில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேருங்கள். ஹீட்டர் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிவிட்டுத் தராமல் விட்டது சேவைக் குறைபாடு, அதை எந்த ‘டெர்ம்ஸ்’ வரியும் மறைக்க முடியாது. முதலில் எழுத்தில் நோட்டீஸ், கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஒரு போன். அம்மா பட்ட அவதிக்கும் சேர்த்து இழப்பீடு கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

கே: மழைக்கோட்டு எதைப் பார்த்து வாங்குவது? (பட்டுக்கோட்டை)

ப: தையலைப் பாருங்கள். உள்பக்கம் ஒவ்வொரு தையல் மேலும் டேப் ஒட்டியிருக்க வேண்டும். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று சத்தியம் செய்து திருச்சிக் கடை ஒன்றில் எனக்குக் கொடுத்த கோட்டில் டேப்பே கிடையாது. முதல் ஐப்பசி மழையிலேயே தோள் வழியாகத் தண்ணீர் இறங்கியது, கடைக்காரர் திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார். நீங்கள் வாங்கியதும் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பம்ப்செட் தண்ணீரில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

கே: லடாக்கில் என் ப்ரீபெய்டு சிம் வேலை செய்யுமா? (நாகப்பட்டினம்)

ப: செய்யாது. போஸ்ட்பெய்டுக்கு ஊரிலேயே மாற்றிக்கொண்டு கிளம்புங்கள்.