கொடைக்கானல் போனால் தொலைநோக்கியில் பார்க்க விடுவார்களா?

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தரம் 10, 11 பிள்ளைகள் முப்பது பேரை, பெற்றோர் சிலருடன், டிசம்பர் லீவில் மதுரை, பழனிக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்கிறோம். அப்படியே கொடைக்கானல் வானாய்வகத்தையும் காட்டலாம் என்று ஆசை. லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் என் தம்பி, அங்கே வில்சன் மலையில் நூறு அங்குலத் தொலைநோக்கியிலேயே பொதுமக்கள் கண்ணை வைத்துப் பார்க்கிறார்கள் என்று சொல்கிறான். கொடைக்கானலிலும் அப்படிப் பார்க்க முடியுமா? அங்கே இரவு தங்கினால் பயன் உண்டா?

பதில்: டீச்சர், கொடைக்கானலின் பெரிய கருவிகளில் கண் வைத்துப் பார்க்க முடியாது. அவை சூரியனுக்கென்றே கட்டப்பட்டவை. ஆனால் வானம் திறந்திருந்தால், அந்த நேரத்துச் சூரியனின் பிம்பத்தை அங்குள்ள காட்சிக்கூடத்தில் நேரடியாகக் காட்டுவார்கள். முப்பது பிள்ளைகளுக்கு அதுதான் வசதி. ஒற்றைக் கண்வில்லைக்கு முன்னால் வரிசையில் நின்றால் ஒருவருக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது. விழும் பிம்பத்தைச் சுற்றி நின்றால் எல்லாரும் ஒன்றாகப் பார்க்கலாம், கைநீட்டிக் கேள்வி கேட்கலாம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: டிசம்பரை மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொடைக்கானலில் வடகீழ்ப் பருவமழைக் காலம். மலை முழுக்க மூட்டம் கட்டிக்கொண்டால் சூரியனே இருக்காது, சுவரில் மாட்டிய படங்களைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரைதான் வானம் நன்றாகத் திறக்கும். பாடசாலை நாட்களில் அது முடியாது என்பதால் ஏப்ரல் லீவு அடுத்த நல்ல தெரிவு. கூட்டம் அதிகம், பின்னேரத்தில் மழை வரலாம். ஆனால் காலைப் பொழுது பெரும்பாலும் தெளிவாக இருக்கும், உங்களுக்கு வேண்டியதும் காலைதான். பெயர் பெற்ற தொலைநோக்கியாக இருந்தாலும் அதற்கு முன்னால் உள்ள காற்று கலங்கினால் ஒன்றும் தெரியாது. வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, காற்று கொதிக்கத் தொடங்கும். பிம்பத்தில் சூரியனின் விளிம்பு நெளியும், சூரியன்மேல் உள்ள சிறிய கரும்புள்ளிகள் கரைந்துபோகும். எட்டு, ஒன்பது மணிக்குக் கூர்மையாகத் தெரிந்த புள்ளி மத்தியானத்தில் வெறும் கறையாகத் தெரியும்.

வில்சன் மலையிலேயே இதற்கு ஒரு கதை உண்டு. 1917 நவம்பர் முதல் நாள் இரவு, நூறு அங்குலத் தொலைநோக்கியை முதன்முதலாக வியாழனை நோக்கித் திருப்பினார்கள். ஒரு வியாழன் தெரியவேண்டிய இடத்தில் பல வியாழன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. அத்தனை ஆண்டு உழைப்பும் வீணா என்று, அந்த வானாய்வகத்தைத் தொடங்கிய ஜோர்ஜ் எல்லரி ஹேல் இடிந்துபோனார். காரணம் சின்னது. பகலில் வேலையாட்கள் கூரையைத் திறந்து வைத்திருந்ததால் வெயில் பட்டு, நூறு அங்குலக் குறுக்களவுள்ள அந்த நாலரைத் தொன் கண்ணாடி சூடாகி உருமாறியிருந்தது. விடியற்காலை ஆகி அது ஆறிய பிறகு வேகா நட்சத்திரத்தைப் பார்த்தார்கள், ஊசிமுனைபோல் தெரிந்தது.

உங்கள் தம்பி சொல்வது உண்மைதான். ஆனால் அங்கே ஏன் முடிகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். ஹேல் 1904-இல் தொடங்கிய வில்சன் மலை வானாய்வகம் லாஸ் ஏஞ்சலிஸுக்கு மேலே சுமார் 1,740 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நம்முடைய நுவரெலியா நகரத்தைவிடக் கொஞ்சம் தாழ்வு. அறுபது அங்குலத் தொலைநோக்கி 1908-இல் வேலைக்கு வந்தது. நூறு அங்குலத்துக்கான கண்ணாடிக்குப் பணம் கொடுத்தவர் ஜோன் ஹூக்கர் என்ற வியாபாரி, அதனால் அதற்கு ஹூக்கர் தொலைநோக்கி என்று பெயர். 1923 ஒக்டோபரில் எட்வின் ஹபிள் என்ற வானியலாளர் அதில் எடுத்த ஒரு படத்தில்தான், அந்திரொமீடா நமது பால்வீதிக்கு வெளியே உள்ள இன்னொரு விண்மீன் மண்டலம் என்பதற்கான நட்சத்திரம் அகப்பட்டது. அவர் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். கண்ணாடித் தகட்டில் நெடுநேரம் ஒளியைச் சேர்த்து, பிறகு அதை முந்தைய தகடுகளுடன் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தார். எந்தப் பெரிய தொலைநோக்கியிலும் கண்ணுக்குத் தெரிவது படத்தில் தெரிவதைவிடக் குறைவு. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள்.

காலப்போக்கில் கீழே நகரம் பெருத்தது. விளக்கு வெளிச்சம் ஏறி, மங்கலான விண்மீன் மண்டலங்களை ஆராய அந்த வானம் உதவாமல் போயிற்று. நூறு அங்குலத் தொலைநோக்கியை 1980-களின் நடுவில் மூடியே வைத்தார்கள், சில ஆண்டுகள் கழித்துத்தான் திறந்தார்கள். ஆராய்ச்சியின் முன்வரிசையிலிருந்து விலகியதால் அந்தத் தொலைநோக்கிகளில் கண்வில்லை பொருத்திப் பொதுமக்களுக்குக் கொடுக்க முடிந்தது. முதலில் அறுபது அங்குலம், அண்மைக் காலத்தில் நூறு அங்குலமும். குழுவாக முன்பதிவு செய்து, கட்டணம் கட்டிப் பார்க்க வேண்டும். நகர வெளிச்சம் இருந்தாலும் பசுபிக் கடலிலிருந்து வரும் காற்று அந்த மலைமேல் கலங்காமல் ஓடுவதால் சனி, வியாழன், இரட்டை நட்சத்திரங்கள், கோளவடிவ நட்சத்திரக் கொத்துகள் எல்லாம் அருமையாகத் தெரியும். தம்பி போனால் சனி உயரத்தில் நிற்கும் மாதமாகப் பார்த்துப் போகச் சொல்லுங்கள்.

கொடைக்கானலின் வழி வேறு. அதன் தொடக்கம் நமது மலையகத்தோடு சேர்ந்த கதை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தைப் பெரும் பஞ்சம் அழித்தது. மழை பொய்த்தது, ஊர் ஊராகச் செத்தார்கள். உயிர் பிழைக்கக் கண்டிச் சீமைக்குக் கோப்பித் தோட்டங்களைத் தேடி வந்தவர்களின் கூட்டம் அந்த ஆண்டுகளில் பெருகியது. உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் யாராவது ஒருவரின் முன்னோர் அந்தக் கூட்டத்தில் வந்திருக்கக்கூடும். அதே பஞ்சம்தான் ஆட்சியாளர்களையும் விஞ்ஞானிகளையும் ஒரு கேள்வி கேட்க வைத்தது. சூரியனில் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. மழை பொய்ப்பதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா? அப்படி இருந்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாமே! 1893-இல் பௌதிக விஞ்ஞானி கெல்வின் பிரபு தலைமையில் லண்டனில் கூடிய குழு, தூசி குறைந்த, உயரமான, தெற்கே உள்ள இடம் என்று கொடைக்கானலைத் தெரிவு செய்தது. 1792 முதல் சென்னையில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் வேலைகளும் கருவிகளும் மலைக்கு ஏறின. 1899 ஏப்ரல் 1-ஆம் திகதி, 2,343 மீற்றர் உயரத்தில் கொடைக்கானல் வானாய்வகம் பிறந்தது. நமது பீதுருதாலகாலை இன்னும் சுமார் 180 மீற்றர் உயரம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள்.

மழையையும் புள்ளிகளையும் நேராக முடிச்சுப் போடலாம் என்ற நம்பிக்கை பலிக்கவில்லை. 1877-இல் மழையைக் கெடுத்ததில் பெரும் பங்கு பசுபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவுக்கு என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆனால் அந்தக் கேள்விக்காக ஏற்றிய கருவிகள் வேறு உண்மைகளைக் காட்டின. 1907-இல் அங்கே வேலைக்கு வந்த சூரிய ஆய்வாளர் ஜோன் எவர்ஷெட், வரும் வழியில் அமெரிக்கா போய் ஹேலின் வில்சன் மலையையும் பார்த்துவிட்டே வந்தவர். 1908-இல் ஹேல் வில்சன் மலையின் சூரியக் கோபுரத் தொலைநோக்கியிலிருந்து, புள்ளிகள் என்பவை வலுவான காந்தப்புலம் உள்ள இடங்கள் என்று காட்டினார். சில மாதங்களில், 1909 ஜனவரியில், புள்ளியின் கரிய நடுப்பகுதியைச் சுற்றியுள்ள சாம்பல் வளையத்தில் வாயு வெளிப்புறமாக விநாடிக்குச் சுமார் 2 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவதை எவர்ஷெட் கொடைக்கானலில் கண்டார். இன்றைக்கும் உலகமெங்கும் அது எவர்ஷெட் விளைவுதான். இரண்டு மலைகளையும் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், முதலில் அங்குள்ள ஆறு அங்குலத் தொலைநோக்கியைக் கேளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் செய்தது, 1898-இல் தொலைநோக்கி செய்யும் கிரப் நிறுவனம் திருத்தியமைத்தது. நூறு ஆண்டுக்கு மேலாக, வானம் திறந்த நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வருகிறது. படத்தில் சூரியன் 20 சென்ரிமீற்றர் குறுக்களவு. அந்தத் தகடுகளும் படச்சுருள்களும்தான் அந்த மலையின் உண்மையான சொத்து என்பேன். வில்சன் மலை உள்ள கலிபோர்னியாவில் இரவாக இருக்கும்போது கொடைக்கானலில் பகல். ஆகவே இரண்டு இடத்துப் பதிவுகளையும் சேர்த்தால் சூரியனின் நூற்றாண்டு வரலாற்றில் உள்ள ஓட்டைகள் பல அடைபடும்.

அப்புறம் சுரங்கத் தொலைநோக்கி. 1960 வாக்கில் வேலைக்கு வந்தது. 11 மீற்றர் கோபுரத்தின் உச்சியில் 60 சென்ரிமீற்றர்க் கண்ணாடிகள் சூரியனைத் தொடர்ந்து, ஒளியைக் கீழே இறக்கி, நிலத்துக்கடியில் 60 மீற்றர் நீளச் சுரங்கத்துக்குள் அனுப்பும். மறுமுனையில் 34 சென்ரிமீற்றர் அகலச் சூரியன் விழும். அந்த அளவில் நமது பூமி வெறும் 3 மில்லிமீற்றர். ஒரு மல்லி விதையைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அதுதான் நாம் என்று காட்டுங்கள். நல்ல புள்ளி ஒன்று இருக்கும் நாளில், பல மல்லி விதைகளை அதற்குள் போடலாம் என்று பிள்ளைகளே சொல்வார்கள். இந்தச் சுரங்கம் இன்னும் ஆராய்ச்சிக் கருவி, வருகிறவர்கள் எல்லாரும் நுழையும் இடம் இல்லை. பாடசாலைக் குழு என்று எழுதும்போது இதையும் பணிவாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டாலும், காட்சிக்கூடத்தில் சூரிய பிம்பத்தோடு, அதன் ஒளி நிறம் நிறமாகப் பிரிந்த நிறமாலையையும் அதில் உள்ள கறுப்புக் கோடுகளையும் காட்டுவார்கள். தரம் 11-க்கு அந்தக் கோடுகளே போதும், சூரியனில் என்ன மூலகங்கள் உண்டு என்பதை அவற்றை வைத்துத்தான் படிக்கிறார்கள்.

இரவு தங்குவதைப் பற்றி: அங்கே சிறிய தொலைநோக்கியில் இரவு வானம் காட்டும் ஏற்பாடு உண்டு, ஆனால் எல்லா நாளும் இல்லை. அதை நம்பி முப்பது பிள்ளைகளுடன் குளிரில் தங்கச் சொல்ல மாட்டேன். இரவு வானம்தான் நோக்கம் என்றால் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது, 2.3 மீற்றர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கேதான். பொதுமக்களுக்குச் சனிக்கிழமை இரவுகளில் சிறிய தொலைநோக்கியில் காட்டும் வழக்கம் உண்டு. ஆனால் மதுரை, பழனிப் பயணத்துக்கு அது வெகு தூரச் சுற்று. நமது நாட்டிலேயே, மொறட்டுவை கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளார்க் நிலையத்தில் ஜப்பான் கொடுத்த 45 சென்ரிமீற்றர்த் தொலைநோக்கி இருக்கிறது. சனியை அங்கே காட்டி, சூரியனைக் கொடைக்கானலில் காட்டுங்கள்.

பயண ஒழுங்கில் ஒன்றிரண்டு. கொடைக்கானல் வானாய்வகம் பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் வருகிறது. திறக்கும் நாளும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும். பிள்ளைகளின் எண்ணிக்கை, வகுப்பு, தமிழில் விளக்கம் வேண்டும் என்பது எல்லாம் சொல்லி அதிபரின் கடிதத்தோடு முன்கூட்டியே எழுதுங்கள். 2024 மே முதல் வெளியூர் வாகனங்கள் மலை ஏற இ-பாஸ் என்ற இணைய அனுமதி எடுக்க வேண்டும், அதை வாகனக்காரரிடம் உறுதிப்படுத்துங்கள். பழனியில் முதல் நாள் இரவு தங்கி விடியக் கிளம்பினால் வெயில் ஏறும் முன் மேலே இருக்கலாம். மதுரையிலிருந்து காலையில் கிளம்பினால் பிந்திவிடும்.

போவதற்கு முன் பாடசாலையிலேயே ஒரு பயிற்சி செய்யுங்கள். முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றைக் கறுப்பு மட்டையால் மூடி, மட்டையில் 5 மில்லிமீற்றர் ஓட்டை போடுங்கள். களிமண் உருண்டையில் அதைச் செருகி மைதானத்தில் வைத்து, இருட்டாக்கிய வகுப்பறைச் சுவரில் வெளிச்சம் விழும்படி திருப்புங்கள். ஜன்னல்களைக் கம்பளியால் மூடினால் போதும். தூரம் 20 மீற்றர் என்றால் சுவரில் விழும் வட்டம் ஏறக்குறைய 19 சென்ரிமீற்றர் இருக்கும். அது ஓட்டையின் வடிவம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஓட்டையைச் சதுரமாக வெட்டிக் காட்டுங்கள், சுவரில் அப்போதும் வட்டமே விழும், அது சூரியனேதான். பெரிய புள்ளி இருந்தால் மங்கலாகத் தெரியும். புள்ளிச் சுழற்சி 2024-இல் உச்சக் கட்டத்துக்கு வந்தது, ஆகவே அது தணியும் முன் செய்துவிடுவது நல்லது. ஹட்டனில் ஜனவரி முதல் மார்ச் வரையான காலை நேரம் இதற்குப் பொருத்தம்.

கண்ணாடிக்கு எதிரே குனிந்து பார்க்க யாரையும் விடாதீர்கள், பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்கட்டும். எக்ஸ்ரே படம், கரி பிடித்த கண்ணாடி, கூலிங் கிளாஸ் எதுவும் சூரியனைப் பார்க்கப் பாதுகாப்பில்லை. தோட்டங்களில் கிரகணத்தன்று எக்ஸ்ரே படத்தைக் கொடுப்பது இன்னும் நடக்கிறது. விழித்திரை எரியும்போது வலிக்காது, அதனால் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. நேராகப் பார்ப்பதென்றால் ஐ.எஸ்.ஓ. 12312-2 தரக்குறியுள்ள, கீறல் விழாத சூரியக் கண்ணாடி மட்டும். அதைப் போட்டுக்கொண்டும் தொலைநோக்கிக்குள்ளோ பைனாகுலருக்குள்ளோ பார்க்கக் கூடாது. வில்லை குவிக்கும் வெப்பம் அந்தக் கண்ணாடியில் உள்ள மெல்லிய தாளைக் கணத்தில் பொசுக்கிவிடும்.