5,000 பேக்லிங்க், 15,000 ரூபாய்: வாங்கலாமா?

கேள்வி: பவானியில் எங்கள் குடும்பம் ஜமக்காளம் நெய்து விற்கிறது. வெப்சைட் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது, கூகுளில் தேடினால் நாலாவது பக்கத்தில் எங்கேயோ வருகிறோம். ஒரு எஸ்இஓ ஏஜென்சி (வெப்சைட்டைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலை செய்பவர்கள்) மூன்று மாதத்தில் முதல் பக்கம் கேரண்டி என்கிறது. 15,000 ரூபாய்க்கு 5,000 பேக்லிங்க் (மற்ற வெப்சைட்டுகளிலிருந்து எங்கள் வெப்சைட்டுக்கு வரும் லிங்க்), 200 ஊர் பெயரில் தனித்தனிப் பக்கங்கள், கூகுள் மேப்பில் 100 ஐந்து நட்சத்திர ரிவ்யூ தருவார்களாம். எல்லாரும் செய்வதுதான், தப்பில்லை என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அவர்கள் சொன்ன மூன்றுமே கூகுளின் விதிகளில் வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டவை. "கேரண்டி" என்ற வார்த்தையைக் கேட்டதுமே எழுந்து வந்திருக்கலாம், ஏனென்றால் விளம்பரம் இல்லாத சாதாரணத் தேடல் முடிவுகளில் முதல் இடத்தை யாராலும் உத்தரவாதமாகத் தர முடியாது, கூகுளே அப்படித்தான் சொல்லிவருகிறது.

ஆனால் மூன்றிலும் ஆபத்து ஒரே அளவு இல்லை. உங்கள் வெப்சைட்டுக்குள்ளே செய்கிற தில்லுமுல்லை, புத்தி வந்தால் ஒரே நாளில் அழித்துவிடலாம். வெளியே, முகம் தெரியாதவர்களின் ஆயிரக்கணக்கான வெப்சைட்டுகளில் உங்கள் பெயரில் போட்டுவைத்த லிங்க்கை நீங்கள் அழிக்க முடியாது. ஏஜென்சி காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடும். அந்த லிங்க்குகள் உங்கள் டொமைனை, அதாவது வெப்சைட் முகவரியை, காட்டிக்கொண்டு அங்கேயே இருக்கும். நான் லிங்க் விஷயத்தைத்தான் அதிகம் பேசப்போகிறேன், காரணம் அதுதான்.

ஒரு வெப்சைட் இன்னொரு வெப்சைட்டுக்கு லிங்க் கொடுத்தால் அதை ஒரு சிபாரிசாக எடுத்துக்கொள்வதுதான் கூகுளின் ஆரம்பகால யோசனை, இன்றும் அது ஒரு அளவுகோல். சிபாரிசுக்கு மதிப்பு இருந்தால் அதை விற்க ஆள் வந்துவிடுவார்கள் அல்லவா, அப்படித்தான் பேக்லிங்க் சந்தை உருவானது. 15,000 ரூபாய்க்கு 5,000 என்றால் ஒரு லிங்க் மூன்று ரூபாய். மூன்று ரூபாய்க்கு எந்த மனிதரும் உங்கள் ஜமக்காளத்தைப் பற்றி நாலு வரி எழுதமாட்டார். கிடைப்பது மென்பொருள் தானாகப் போடுகிற கமென்ட், யாரும் படிக்காத டைரக்டரி, அப்புறம் காலாவதியான டொமைன்கள். இந்தக் கடைசி வகையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு பள்ளியோ தொண்டு நிறுவனமோ தன் டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டால், அதன் பழைய நற்பெயருக்காக அதை ஏலத்தில் எடுத்து, கண்டதையும் எழுதி நிரப்பி, நடுவில் உங்களுக்கு ஒரு லிங்க் வைப்பார்கள். இப்படி நூறு இருநூறு வெப்சைட்டுகளை ஒரே ஆள் வைத்திருப்பார், ஒரே வலையில் சூதாட்டத் தளங்களுக்கும் லிங்க் இருக்கும் உங்களுக்கும் இருக்கும். காலாவதியான டொமைனை இப்படிப் பயன்படுத்துவதை 2024 மார்ச்சில் கூகுள் தனி விதியாகவே சேர்த்துவிட்டது.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜேசி பென்னி கதையைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் ஒன்று. 2010 கடைசியில், அங்கே வியாபாரம் உச்சத்தில் இருக்கும் கிறிஸ்துமஸ் சீசனில், உடைகள், படுக்கை விரிப்புகள், தரை விரிப்புகள் என்று எதைத் தேடினாலும் கூகுளில் அவர்கள்தான் முதலிடம். சில பொருள்களைத் தயாரித்த நிறுவனங்களின் வெப்சைட்டுகளைக்கூட முந்தி நின்றார்கள். நியூயார்க் டைம்ஸ் ஒரு நிபுணரை வைத்து ஆராய்ந்து 2011 பிப்ரவரியில் வெளியிட்டது: ஜேசி பென்னிக்கு லிங்க் கொடுத்த 2,000-க்கும் மேற்பட்ட பக்கங்கள், பெரும்பாலும் துணிமணிக்குச் சம்பந்தமே இல்லாத, சில கைவிடப்பட்டே கிடந்த வெப்சைட்டுகளில். விஷயம் கூகுளுக்குத் தெரிந்ததும் நேரடியாகக் கை வைத்தார்கள். ஒரு பிரபல பிராண்டு சூட்கேஸுக்கான தேடலில் மாலை 7 மணிக்கு முதலிடத்தில் இருந்த கடை, 9 மணிக்கு 71-ஆம் இடம். வரவேற்பறை மரச்சாமான் தேடலில் 68. எங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லி எஸ்இஓ நிறுவனத்தை வேலையிலிருந்து நீக்கினார்கள், ஆனாலும் தண்டனை சுமார் மூன்று மாதம் நீடித்தது. "ஏஜென்சி செய்தது" என்ற பதில் அங்கே எடுபடவில்லை. டொமைன் யாருடையதோ அவர்தான் பொறுப்பு.

பெரிய கடை, தாங்கிக்கொண்டது. அப்போது அவர்களுக்கு ஆயிரம் கடைகளும் தெரிந்த பெயரும் இருந்தன. உங்களுக்கு அந்த மூன்று மாதம் தீபாவளிக்கும் தை முகூர்த்தத்துக்கும் நடுவில் வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கூகுள் மற்றவர்களுக்குத்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2012 ஜனவரியில், குரோம் பிரவுசரை விளம்பரப்படுத்தக் காசு கொடுத்து எழுதவைத்த பதிவுகளில் ஒன்றில் விதிமீறிய லிங்க் இருந்ததைப் பிடித்ததும், தன்னுடைய குரோம் பக்கத்தையே குறைந்தது 60 நாளுக்குக் கீழே இறக்கினார்கள். அதுவும் வெளியில் ஒப்படைத்த வேலைதான். காசு வாங்கி எழுதுவது குற்றமில்லை, விளம்பரம் செய்யலாம், அந்த லிங்க்கில் 'ஸ்பான்சர்டு' அல்லது 'நோஃபாலோ' குறியீடு இருக்க வேண்டும் என்பதுதான் விதி. அந்தக் குறியீடு இருந்தால் ரேங்க்குக்கு உதவாது, ஆள் வந்து பார்ப்பார். நியாயமான ஏஜென்சி இதைத் தானாகவே உங்களிடம் சொல்லும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2012 ஏப்ரலில் கூகுளின் தேடல் முறையில் பெங்குவின் என்ற மாற்றம் வந்தபோது, வாங்கிய லிங்க் வைத்திருந்த வெப்சைட்டுகள் கும்பல் கும்பலாகக் கீழே போயின. 2016-க்குப் பிறகு பெரும்பாலும் அப்படி இறக்குவதில்லை, குப்பை லிங்க்கைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டுவிடுகிறது. அதனால்தான் "நாங்கள் செய்தோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று பலர் சொல்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதான், 15,000 ரூபாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நாள் ஏறி நின்றாலும், கூகுள் கண்டுபிடித்து அந்த லிங்க்குகளைச் செல்லாததாக்கும்போது அவற்றால் வந்த ஏற்றம் போய்விடும், திரும்ப வராது. அதற்கும் மேலே போய் ஒரு கூகுள் ஊழியர் கண்ணில் பட்டு, ஆளே பார்த்துப் போடும் தண்டனையான 'மேனுவல் ஆக்‌ஷன்' விழுந்தால், ஜேசி பென்னிக்கு நடந்ததுதான்.

சரி, 200 ஊர்ப் பக்கங்கள். "சேலத்தில் சிறந்த ஜமக்காளம்", "தேனியில் சிறந்த ஜமக்காளம்" என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே பத்தியை 200 தடவை போடுவார்கள். உங்களுக்கு சேலத்திலும் கடை இல்லை, தேனியிலும் கடை இல்லை. தேடி வருபவரை ஏமாற்றி உள்ளே இழுக்கிற வாசல்தான் இது, எஸ்இஓ உலகத்தில் 'டோர்வே' பக்கம் என்பார்கள். 2006-லேயே பிஎம்டபிள்யூவின் ஜெர்மனி வெப்சைட் "பழைய கார்" என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப நிரப்பிய பக்கங்களைக் கூகுளுக்குக் காட்டி, ஆள் கிளிக் செய்ததும் வேறு பக்கத்துக்குத் தள்ளிவிட்டது. கூகுள் அந்த வெப்சைட்டையே தேடலிலிருந்து தூக்கிவிட்டது, அந்தப் பக்கங்களை நீக்கிய பிறகுதான் திரும்பச் சேர்த்தது. இப்போது ஏஐ வந்துவிட்டதால் 200 பக்கத்தையும் வேறு வேறு வார்த்தையில் எழுதித் தருகிறோம், மாட்டாது என்பார்கள். 2024 மார்ச் விதிகள் இதையும் சேர்த்துத்தான் சொல்கின்றன: படிப்பவருக்குப் பயனில்லாமல் ரேங்க்குக்காக மொத்தமாக உற்பத்தி செய்த பக்கம் என்றால், மனிதர் எழுதினாரா இயந்திரம் எழுதியதா என்பது பிரச்சினையே இல்லை.

வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் கீவேர்டு (தேடல் சொல்) ஒளித்துவைப்பது, கூகுளுக்கு ஒரு பக்கம் ஆளுக்கு ஒரு பக்கம் காட்டுவது, பக்கத்தில் ஆள் கண்ணுக்குத் தெரியாத மெட்டா கீவேர்டு டேக்கில் ஐம்பது சொல் திணிப்பது போன்றவற்றையும் சிலர் பட்டியலில் சேர்ப்பார்கள். முதல் இரண்டும் விதிமீறல், கண்டுபிடிப்பதும் சுலபம். மூன்றாவதைக் கூகுள் ரேங்க்குக்குப் பார்ப்பதே இல்லை என்று 2009-லேயே சொல்லிவிட்டது, இன்னமும் அதற்குக் காசு கேட்கிறார்கள் என்றால் அந்த ஏஜென்சி எந்தக் காலத்தில் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிவ்யூ விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. லிங்க் கூகுளை ஏமாற்றுகிறது, பொய் ரிவ்யூ உங்கள் வாடிக்கையாளரையே ஏமாற்றுகிறது. பந்தி ஜமக்காளம் வாங்க ஒரு கல்யாண வீட்டுக்காரர் அந்த நட்சத்திரங்களை நம்பித்தான் முன்பணம் போடுவார். கூகுள் பிடித்தால் ரிவ்யூக்களை நீக்கும், கொஞ்ச காலத்துக்குப் புது ரிவ்யூவே வாங்க முடியாமல் கட்டுப்படுத்தவும் செய்யும், அப்போது உங்கள் உண்மையான வாடிக்கையாளர் எழுத நினைத்தாலும் முடியாது. ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்று இந்தியத் தரநிலைகள் பணியகம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநிலையே வெளியிட்டிருக்கிறது. வெளியானபோது அது விருப்பத்தின்பேரில் பின்பற்றுவதுதான், ஆனால் அரசு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று புரியும். "ரிவ்யூ போட்டால் 50 ரூபாய் தள்ளுபடி" என்பதும் கூகுள் விதிப்படி தப்பு. பார்சலோடு ஒரு சின்ன அட்டை, அதில் ரிவ்யூ பக்கத்துக்கான க்யூஆர் கோடு, "எப்படி இருந்தது என்று எழுதுங்கள்" என்று ஒரு வரி, அது போதும். பிடித்தவர், பிடிக்காதவர் எல்லாரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள்.

ஏஜென்சி ஏற்கெனவே ஏதாவது 'சாம்பிள்' செய்து காட்டியிருந்தால், வெப்சைட் உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியை இன்றே திறந்து பாருங்கள், இலவசம்தான். மேனுவல் ஆக்‌ஷன்ஸ் பகுதியில் பிரச்சினை இல்லை என்று இருந்தால் நிம்மதி. அப்புறம் லிங்க்ஸ் பகுதிக்குப் போய், எந்த வார்த்தையில் உங்களுக்கு லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். இயல்பாக லிங்க் கொடுக்கிறவர் உங்கள் கடைப் பெயரையோ வெப்சைட் முகவரியையோதான் எழுதுவார். "பெஸ்ட் காட்டன் கார்பெட் ஆன்லைன் சீப் பிரைஸ்" என்று ஒரே வாசகம் வரிசையாக இருந்தால் அது காசு கொடுத்து வந்தது. அதைச் செய்தவரையே நீக்கச் சொல்லுங்கள். 'டிஸ்அவோ' என்ற கருவி ஒன்று உண்டு, இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று கூகுளிடம் சொல்வதற்கு. ஆனால் மேனுவல் ஆக்‌ஷன் விழுந்திருந்தாலோ, விழப்போகிற அளவுக்கு நிறைய வாங்கியிருந்தாலோ மட்டும் தொடுங்கள், பயத்தில் நல்ல லிங்க்கையும் சேர்த்து வெட்டிவிட்டவர்கள் நிறையப் பேர். தண்டனை விழுந்திருந்தால், எதை நீக்கினீர்கள், எதை நீக்க முடியவில்லை என்று மறைக்காமல் எழுதி மறுபரிசீலனை கேளுங்கள், படிப்பது மனிதர்தான்.

அந்த 15,000 ரூபாயை வேறு எதில் போடலாம்? பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அதனால் வாங்குபவருக்கு முதலில் வருகிற சந்தேகமே "இது நிஜமான கைத்தறியா, பவர்லூமா" என்பதுதான். அதற்கு உங்களைவிட நன்றாகப் பதில் சொல்ல யாரால் முடியும்? தறியில் நெய்யும்போது எடுத்த படம், ஓரமும் கோடும் கைத்தறியில் எப்படி விழும், பவர்லூமில் எப்படி விழும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பக்கம் போடுங்கள். நூறு பேர் உட்காரும் பந்திக்கு எத்தனை அடி நீளத்தில் எத்தனை வேண்டும், துவைத்தால் சாயம் போகுமா, சென்னைக்கு அனுப்ப எவ்வளவு ஆகும் என்று போனில் தினமும் கேட்கிறார்களே, அந்தக் கேள்விகளையே தலைப்பாக வைத்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். நல்ல போட்டோகிராஃபர் ஒருவருக்குக் கொடுங்கள் அந்தப் பணத்தை. பலன் தெரிய நாலு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம், அதற்குக் குறைவாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதையெல்லாம் செய்ய ஆள் வேண்டும் என்றால் ஏஜென்சி வைத்துக்கொள்வதில் தப்பில்லை. கையெழுத்துப் போடுமுன், எந்தெந்த வெப்சைட்டில் லிங்க் வரும் என்று பெயரோடு எழுத்தில் கேளுங்கள். "அது எங்கள் தொழில் ரகசியம்" என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். டொமைன், ஹோஸ்டிங், சர்ச் கன்சோல், கூகுள் மேப் கணக்கு நான்கும் உங்கள் குடும்பத்தார் இமெயிலில் இருக்கட்டும், ஏஜென்சிக்கு யூசர் அனுமதி மட்டும் கொடுங்கள். இப்போது டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று உங்கள் வெப்சைட் செய்தவரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள், அவர் பெயரில் இருந்தால் முதலில் அதை மாற்றி வாங்குங்கள்.