பயாப்ஸியில் டி.பி. போலத் தெரிகிறதாம், முகத்தில் வந்திருப்பது என்ன?

கேள்வி: எனக்கு வயது 27. ஆறு மாதமாக இரண்டு கீழ் இமைகளிலும் மூக்கோரத்திலும் மோவாயிலும் சிவப்பும் பழுப்புமாகச் சின்னச் சின்னக் கட்டிகள். அரிப்பு, வலி இல்லை. பரு என்று நினைத்து மெடிக்கலில் கேட்டு வாங்கிய க்ரீமைப் பூசினேன். குறைந்த மாதிரி இருந்து, நிறுத்தியதும் கூடிவிட்டது. பயாப்ஸியில் காசநோய் போன்ற மாற்றம் என்கிறார்கள். நெஞ்சு எக்ஸ்ரே நார்மல். தை மாதம் கல்யாணம். டி.பி. மாத்திரை சாப்பிட வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொல்வது 'லூபஸ் மிலியாரிஸ் டிஸ்ஸெமினேட்டஸ் ஃபேசியை' என்ற அபூர்வமான அழற்சி நோயைப் போல இருக்கிறது. வாயில் நுழையாத பெயர்தான். மூட்டு, சிறுநீரகத்தைத் தாக்கும் லூபஸுக்கும் இதற்கும் உறவில்லை. மற்றவர்களுக்குத் தொற்றாது. சாதாரணப் பரு கீழ் இமையில் வருவது அரிது. இதற்கு அதுதான் பிடித்த இடம். மெல்லிய கண்ணாடித் தகட்டை வைத்து டாக்டர் அழுத்திப் பார்த்தால் சிவப்பு மறைந்து மஞ்சள் கலந்த பழுப்பு தெரியும்.

குழப்பம் ஏன் என்றால், இந்தக் கட்டியின் நடுவிலும் காசநோய்க் கட்டியைப் போலவே திசு செத்துக் கிடக்கும். அதனால் முன்பு இதைத் தோல் காசநோயின் ஒரு வகை என்றே நினைத்தார்கள். ஆனால் இதில் கிருமி அகப்படுவதில்லை, டி.பி. மருந்துக்கும் கேட்பதில்லை. இருந்தாலும் நம் ஊரில் டி.பி., தொழுநோய் இரண்டும் இல்லை என்று உறுதி செய்யாமல் விடக்கூடாது. எடுத்த சதையில் கிருமிச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள்.

பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் தொடங்குவோம். மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். அதற்கு மசியாவிட்டால் ஐசோட்ரெட்டினாயின், டாப்சோன் என்று போவோம். டாப்சோனுக்கு முன் ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) ரத்தப் பரிசோதனை அவசியம். எல்லோருக்கும் ஒரே மருந்து கேட்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றிரண்டு ஆண்டில் தானாகவே அடங்கிவிடக்கூடிய நோய்தான், ஆனால் அம்மைத் தழும்பு போலக் குழி விழும். அதைக் குறைக்கத்தான் சீக்கிரம் மருந்து. கிள்ளாதீர்கள்.

நீங்கள் பூசியது ஸ்டீராய்டு கலந்த க்ரீமாக இருக்கலாம். ட்யூபைத் தூக்கி எறியாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம், கல்யாணத் தேதியையும் அவரிடம் சொல்லுங்கள். ஐசோட்ரெட்டினாயின் கருவில் ஊனம் உண்டாக்கும். அதைச் சாப்பிடும்போதும், நிறுத்திய பிறகு ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கவே கூடாது. டாக்ஸிசைக்ளினும் கர்ப்ப காலத்துக்கு ஆகாது.