அண்ணன் மீட்டிங்ல இருக்கான்

வணக்கம் மேடம்.

முக்கூடல் பக்கம் ஒரு ஊர், பெயர் வேண்டாம், எங்கள் தெருவில் எல்லாருமே சொந்தக்காரர்கள், படித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். வயது 26. பி.இ. மெக்கானிக்கல், 2021-ல் முடித்தேன். என்னோடு படித்த பாதிப் பேரைப் போல நானும் ஐ.டி.க்குத்தான் போனேன், 2022-ல் சென்னையில் ஒரு கம்பெனியில் மேனுவல் டெஸ்டிங், சாஃப்ட்வேரில் பிழை இருக்கிறதா என்று ஆளே உட்கார்ந்து சோதிக்கிற வேலை. இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. அப்புறம் ஒரு திங்கட்கிழமை எச்.ஆர். கூப்பிட்டு, பிராஜெக்ட் இல்லை, நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் ரிலீவிங் லெட்டர் சுத்தமாக இருக்கும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். பதினான்கு மாதம் ஆகிறது.

மூன்று மாதம் ரூமில் இருந்து தேடினேன். வாடகை கட்ட முடியாமல் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி ஊருக்கு வந்தேன். வாசலில் பெட்டியைப் பார்த்ததும் அம்மா "என்னய்யா, லீவா?" என்று கேட்டாள். "வொர்க் ஃப்ரம் ஹோம் கொடுத்துட்டாங்கம்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஒரு வாரத்துக்கு என்று நினைத்த பொய் பதினோரு மாதமாக ஓடுகிறது.

காலையில் குளித்துச் சட்டை மாற்றி லேப்டாப்பைத் திறந்து உட்காருவேன். அம்மா காப்பி கொண்டு வரும்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு "யெஸ், யெஸ், ஓகே" என்பேன். அந்தப் பக்கம் யாரும் கிடையாது. வாசலில் பிள்ளைகள் சத்தம் போட்டால் அம்மா போய், "சத்தம் போடாதிங்கல, அண்ணன் மீட்டிங்ல இருக்கான்" என்று விரட்டுவாள். அது காதில் விழுகிற நேரம் எனக்கு உள்ளே என்னவோ செய்யும்.

அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றுகிறாள், முன்பு ஒரு நாளைக்கு ஐந்நூறு, பங்குனியிலிருந்து எண்ணூறு, ஆயிரம் என்று ராத்திரி வரை தட்டும் மடியுமாக உட்கார்ந்திருக்கிறாள். தங்கச்சி பாளையங்கோட்டையில் காலேஜ். பி.எஃப். பணத்தை எடுத்து மாதாமாதம் அம்மா கையில் பன்னிரண்டாயிரம் கொடுத்துவந்தேன். அது முடிந்துபோய், போன மாதம் லோன் ஆப்பில் எடுத்துக் கொடுத்தேன்.

நானூறு கம்பெனிக்கு மேல் அப்ளை செய்திருப்பேன். இன்டர்வியூ வந்தது ஏழு. ஏழிலும் "இந்த கேப் ஏன்?" என்று கேட்டதும் எனக்குக் குரல் ஏறிவிடுகிறது. ஆட்டோமேஷன் கோர்ஸுக்குப் பணம் கட்டினேன், மூன்றாவது வீடியோவைத் தாண்டவில்லை. பகல் முழுக்க நேரம்தான், ஆனால் ஒரு பக்கம்கூடப் படிக்க ஓடவில்லை. கங்கைகொண்டான் சிப்காட்டில் சோலார் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு ஃப்ரெண்ட் சொன்னான். போகவில்லை. ஊரில் "மெட்ராஸ் கம்பெனியில இருந்தவன் ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நிக்கான்" என்று பேசுவார்களே. மாமா வேறு பார்க்கும்போதெல்லாம் "எப்பம்டே சம்பளம் கூட்டுவான், பொண்ணு பாக்கணும்லா" என்கிறார்.

இப்போது டெலிகிராமில் ஒரு ஏஜென்ட், லாவோஸில் டேட்டா என்ட்ரி, மாதம் எண்பதாயிரம், டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம், ஒன்றே கால் லட்சம் கட்டு என்கிறான். அம்மா சங்கிலியைக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன். சில ராத்திரி, நான் இல்லாவிட்டால் இவர்களுக்கு ஒரு பாரம் குறையும் என்றும் தோன்றுகிறது. என்ன செய்ய?

*

தம்பி,

கடைசிக்கு முந்தின வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா? நேராகத்தான் கேட்கிறேன், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக யாருக்கும் வந்துவிடாது. ஆமாம் என்றால் மீதியை அப்புறம் படிக்கலாம், இப்போதே 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ், அரசு நடத்துவது, காசு கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நேரில் போவதானால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. உங்கள் நண்பன் ஒருவன் கடிதத்தில் வருகிறான் இல்லையா, சிப்காட் விஷயம் சொன்னவன், அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்தது லாவோஸ். போகாதீர்கள். இதில் ஆலோசனை, அபிப்பிராயம் எதுவும் கிடையாது. லாவோஸ், கம்போடியா, மியான்மர் என்று இதே டேட்டா என்ட்ரி ஆசையில் போன தமிழ்நாட்டுப் பையன்கள் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து, அடைபட்ட கட்டடங்களில் ஆன்லைன் மோசடி செய்ய வைக்கப்பட்டார்கள், 2022-லிருந்து நம் தூதரகங்கள் அவர்களை மீட்டுக் கொண்டுவருகின்றன. வேலைக்குக் கூப்பிடுகிறவன் டூரிஸ்ட் விசா என்று சொன்ன இடத்திலேயே பேச்சு முடிந்தது. இனி யார் வெளிநாட்டு வேலை என்று வந்தாலும் ஈமைக்ரேட் என்கிற அரசு இணையதளத்தில் அந்த ஏஜென்ட் பதிவு செய்தவரா என்று பாருங்கள். அம்மா சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கட்டும்.

சரி, வேலைக்கு வருவோம். நீங்கள் சேர்ந்தது 2022-ல். கொரோனா சமயத்தில் உலகமே ஆன்லைனுக்கு மாறியதில் கம்பெனிகள் அள்ளி அள்ளி ஆள் எடுத்த காலம் அது. அதே 2022 மார்ச்சிலிருந்து அமெரிக்காவில் வட்டி ஏறத் தொடங்கியது, அங்கே இருக்கிற வாடிக்கையாளர்கள் செலவைச் சுருட்டினார்கள், அது ஒரு வருஷம் கழித்து இங்கே வந்து இடித்தது. 2025-ல் டி.சி.எஸ். அளவு கம்பெனியே பன்னிரண்டாயிரம் பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதிலும் மேனுவல் டெஸ்டிங், மெஷின் எளிதாக எடுத்துக்கொள்கிற வேலை. உங்களை எடுத்தபோது நீங்கள் மேதை என்று எடுக்கவில்லை, அனுப்பியபோது மக்கு என்று அனுப்பவும் இல்லை. முதல் பாதி கொஞ்சம் கசக்கும், இரண்டாவது பாதிக்காகச் சேர்த்து விழுங்குங்கள்.

"பகல் முழுக்க நேரம்தான், ஆனால் ஒரு பக்கம்கூடப் படிக்க ஓடவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சோம்பேறி ஆகிவிட்டோம் என்று பயப்படுகிறீர்கள் போல. ஆஸ்திரியாவில் மரியன்தால் என்று ஒரு சின்ன ஊர், ஊருக்கே சோறு போட்ட நெசவாலை 1930 வாக்கில் மூடிப்போனது. மரி யஹோடா என்கிற பெண்ணும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே போய், வேலை போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுக்கிறவர்கள் குறைந்துபோனார்கள். தெருவில் ஆண்கள் நடக்கிற வேகமே குறைந்துவிட்டது, நடுநடுவே சும்மா நின்றுவிடுவார்கள். பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள், ஏனென்றால் அடுப்பும் பிள்ளைகளும் இருந்ததே, அந்த வேலை போகவில்லையே. (உங்கள் அம்மா கை நிற்காமல் ஓடுகிறதையும் நீங்கள் வீடியோவைப் பார்த்தபடி உறைந்து கிடக்கிறதையும் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.) சம்பளம் போனால் பணம் மட்டும் போவதில்லை, காலையில் எழ ஒரு காரணம், நாலு பேரோடு பேச்சு, இன்னார் என்கிற அடையாளம் எல்லாம் சேர்ந்து போகிறது என்று யஹோடா பின்னாளில் எழுதினார். உங்களுக்கு வந்திருப்பது அதுதான்.

ஆனால் மரியன்தால்காரர்களுக்கு இல்லாத ஒரு சுமை உங்களுக்கு இருக்கிறது. அவர்களுக்கு வேலை போனது ஊருக்கே தெரியும். நீங்கள் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை ஒரு வேலை பார்க்கிறீர்கள் தம்பி, சம்பளமில்லாத வேலை, வேலையில் இருப்பதாக நடிக்கிற வேலை. அதைச் செய்துவிட்டு மிச்ச நேரத்தில் ஆட்டோமேஷன் படிக்க எந்த மூளையால் முடியும்? இன்னொன்று, நம் பக்கம் வேலை வாய்வார்த்தையாகத்தான் வருகிறது. பெரியப்பா மகன் தூத்துக்குடியில், பக்கத்து வீட்டு மாப்பிள்ளை கோயம்புத்தூரில், யாரோ ஒருவர் "ஒரு ஆள் வேணுமாம்" என்பார். வேலையில் இருக்கிற பையனிடம் அதை யார் சொல்வார்கள்?

ஆகவே அம்மாவிடம் சொல்லுங்கள். ஊருக்குத் தண்டோரா போட வேண்டாம், மாமாவுக்கு அவசரமே இல்லை. தங்கச்சி வீட்டில் இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா தட்டைக் கீழே வைத்த நேரமாகப் பார்த்து, சுற்றி வளைக்காமல், "அம்மா, எனக்கு வேலை போய் ஒரு வருஷத்துக்கு மேலாச்சு, பயந்துபோய்ச் சொல்லல" என்று மட்டும். லோன் ஆப் விஷயத்தையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், அதை ஒளித்தால் குட்டி போடும். இனி அந்த ஆப்பில் ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள், மிரட்டிப் போன் வந்தால் 1930 என்கிற சைபர் புகார் எண் இருக்கிறது.

இன்டர்வியூவில் குரல் ஏறுவது பற்றி. அந்தத் திங்கட்கிழமைக் கோபத்தை நீங்கள் இதுவரை யாரிடமும் கொட்டவில்லை, எங்கே கொட்ட? வீட்டில்தான் வேலை போகவே இல்லையே. 1994-ல் அமெரிக்காவில் ஒரு சின்ன ஆய்வு வந்தது. வேலை போன இன்ஜினியர்கள் சிலரை, அது மனதில் என்ன செய்கிறது என்று ஐந்து நாள், தினம் இருபது நிமிஷம் எழுதச் சொன்னார்கள். மற்றவர்களைவிட அவர்களில் அதிகம் பேருக்குச் சில மாதங்களில் வேலை கிடைத்தது, இத்தனைக்கும் அவர்கள் கூடுதலாக ஒன்றும் அப்ளை செய்யவில்லை. கசப்பைத் தாளில் விட்டுவிட்டுப் போனதால் எதிரே உட்கார்ந்தவரிடம் அது வழியவில்லை என்பது ஒரு விளக்கம். நோட்டில் எழுதுங்கள், கெட்ட வார்த்தை இருந்தாலும் பரவாயில்லை, யாரும் படிக்கப் போவதில்லை. கேப் பற்றிக் கேட்டால் "2024-ல் டீமைக் குறைத்தார்கள், ஊருக்கு வந்து குடும்பத்தோடு இருந்து டெஸ்டிங்கில் அடுத்த கட்டம் படிக்கிறேன்" என்று இரண்டு வரி, அதோடு நிறுத்துங்கள். அதற்குக் கோர்ஸின் நாலாவது வீடியோவைப் பார்த்தாக வேண்டும், என்ன செய்ய.

கங்கைகொண்டான் போக வேண்டுமா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்வதும், மாமா என்ன சொல்வார் என்று போகாமலேயே இருப்பதும் வேறு வேறு. மெக்கானிக்கல் படித்தவருக்கு ஆலை ஒன்றும் அந்நிய வீடு கிடையாது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தனியார் முகாம் நடக்கும்போது ஒரு நடை போய்வாருங்கள், சட்டைதான் தினமும் மாற்றுகிறீர்களே.

இன்னொன்று. அம்மா பங்குனியிலிருந்து ஐந்நூறை ஆயிரம் ஆக்கினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மகன் மாதம் பன்னிரண்டாயிரம் கையில் கொடுக்கிற வீட்டில், அவர் ஏன் திடீரென்று ராத்திரி வரை சுற்ற ஆரம்பித்தார்? அடுத்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார், அந்த "யெஸ், யெஸ், ஓகே" பதினோரு மாதமாக அவருக்கும் கேட்கிறது. எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டு எழுதுங்கள்.