தீவனத்துல போடுற சத்து தட்டுக்கு வருமா?

கேள்வி: என் மகள் மாசமா இருக்கா, இப்ப அஞ்சாவது மாசம். டாக்டர் வாரம் ரெண்டு தடவை மீன் சாப்பிடச் சொன்னாங்க. தேக்கா மார்க்கெட்ல கொடுவா கேட்டேன், இது கேலோங்ல, அதான் கடல்ல இருக்குற மீன் பண்ணையில வளர்த்தது, விட்டமின் ஒமேகா எல்லாம் சேர்த்த தீவனம், கடல் மீனைவிட சத்துன்னு மீன்காரத் தம்பி சொல்றார். சம்பந்தியம்மாவோ வளர்ப்பு மீனே ஆகாது, சுறாப் புட்டு செஞ்சு குடுங்கன்றாங்க. எதைக் கேக்குறது?
- வாசகி, ஈசூன்

பதில்: அம்மா, முதல்ல அந்தச் சுறாவை நிறுத்துங்க. சம்பந்தியம்மா பாசத்துலதான் சொல்றாங்க, நம்ம வீடுகள்ல காலங்காலமா செய்றதுதான், ஆனா சுறா மத்த மீன்களைத் தின்னு பல வருஷம் வாழுற மீன், அதனால பாதரசம் அதோட சதையில சேர்ந்துகிட்டே போகும், அது தாய்கிட்டேர்ந்து குழந்தையோட மூளைக்குப் போகும். பால் குடுக்குற காலத்துலயும் வேணாம்.

இப்ப கொடுவாவுக்கு வருவோம். மீன்காரத் தம்பி சொன்னது பாதி சரி. தீவனத்துல என்ன மாத்தினாலும் மீனோட புரதம் பெருசா மாறாது, மாறுறது கொழுப்புதான். மீனை வயித்துல கீறும்போது பாருங்க, குடலைச் சுத்தி வெள்ளையா ஒட்டியிருக்கும், வளர்ப்பு மீன்ல அது நிறையவே இருக்கும். தீவனத்துல எந்த எண்ணெய் இருந்துச்சோ அதுதான் இந்தக் கொழுப்புலயும் சதையிலயும் வந்து உக்காருது. குழந்தையோட மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டிஎச்ஏங்குற ஒமேகா 3-ஐக் கடல்ல முதல்ல உண்டாக்குறது கண்ணுக்குத் தெரியாத பாசிதான், அதைச் சின்ன மீன் தின்னு, சின்ன மீனைப் பெரிய மீன் தின்னுதான் நம்மகிட்ட வருது. கொடுவா மாதிரி கடல் மீனுக்கு சோயா எண்ணெயையோ கனோலா எண்ணெயையோ குடுத்தா அதை டிஎச்ஏவா மாத்திக்கிற திறமை ரொம்பக் கம்மி.

ஆனா மீன் எண்ணெய் விலை ஏற ஏற, கடல்லயும் அவ்வளவு மீன் பிடிக்க முடியாதுன்னு ஆக ஆக, தீவனக்காரங்க தாவர எண்ணெய் பக்கம் போய்ட்டாங்க. ஸ்காட்லாந்து வளர்ப்பு சால்மனை ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்துல அளந்து பார்த்தப்போ, 2006-லேர்ந்து 2015-க்குள்ள டிஎச்ஏ, இபிஏங்குற இன்னொரு ஒமேகா 3, ரெண்டும் சேர்ந்து கிட்டத்தட்டப் பாதியாக் குறைஞ்சிருந்துச்சு. அப்பவும் கோழி, ஆட்டுக்கறியைவிட அதுல எவ்வளவோ அதிகம், அதனால வளர்ப்பு மீனை ஒதுக்க வேண்டியதில்ல. இப்ப சில பண்ணைகள்ல பாசியிலேர்ந்தே எடுத்த எண்ணெயைக் கலக்குறாங்க, இல்லன்னா பிடிக்கிறதுக்கு முன்னாடி சில மாசம் மீன் எண்ணெய்த் தீவனம் போட்டு ஒமேகாவைத் திரும்ப ஏத்துறாங்க.

விட்டமின் விஷயம் வேற. விட்டமின் ஈ சதையில தங்கி, கொழுப்பு கெட்டுச் சிக்கு வாடை அடிக்காம காக்கும், செலினியம், அயோடின், விட்டமின் டி இதெல்லாம் தீவனத்துல கூட்டினா சதையிலயும் ஓரளவு கூடும். விட்டமின் சி, புரோபயாட்டிக்ங்குற நல்ல கிருமி மாதிரி சேர்க்குறதெல்லாம் முக்கியமா மீன் நோயில்லாம வளரத்தான், அதைக் காட்டிக் கூடுதல் விலை சொன்னா குடுக்காதீங்க. நீங்க கேக்க வேண்டிய கேள்வி, தீவனத்துல என்ன எண்ணெய்ன்றது. தம்பிக்குத் தெரியலன்னா பண்ணைப் பேர் போட்ட பாக்கெட் மீனா வாங்கி அந்தப் பண்ணைக்கே எழுதிக் கேளுங்க.

கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 200 மில்லிகிராம் டிஎச்ஏ வேணும்னு உலகச் சுகாதார நிறுவனத்தோட நிபுணர் குழு சொல்லுது. ஒரு வேளை கொடுவா, ஒரு வேளை மத்தியோ கானாங்கெளுத்தியோன்னு மாத்திக் குடுங்க, வயித்துப் பக்கத் துண்டை மகளுக்கு வைங்க, எண்ணெயில முறுக வறுக்காம குழம்பாவோ ஆவியிலயோ செய்ங்க, குழம்புல இறங்குன கொழுப்பும் சோத்தோட உள்ள போயிடும்.

கேள்வி: சால்மனுக்கு ஊசி போட்டுத்தான் சிவப்பாக்குறாங்களாமே?
- வாசகர், பிடோக்

பதில்: ஊசியெல்லாம் கிடையாது சார். அஸ்டாசாந்தின்னு ஒரு நிறமி, கடல்ல இறால் வகைகளைத் தின்னு சால்மனுக்குக் கிடைக்கும், பண்ணையில அதைத் தீவனத்துல சேர்க்குறாங்க, சேர்க்கலன்னா சதை வெளிறிப் போயிருக்கும். நிறம் நல்லா இருக்குன்னு ஒமேகாவும் நிறைய இருக்கும்னு எடுத்துக்காதீங்க, அது எண்ணெயைப் பொறுத்தது.