எட்டு நாள் ஆகியும் மாற்றம் இல்லை: மாத்திரை மூளைக்குப் போகிறதா?

கேள்வி: எஸ்சிட்டாலோபிராம் (மனச்சோர்வு மாத்திரை) 10 மி.கி. எட்டு நாளாகச் சாப்பிடுகிறேன். குமட்டல்தான் மிச்சம், மனச்சோர்வு அப்படியே இருக்கிறது. மருந்து மூளைக்குப் போகவில்லையா? வாழைப்பழத்தில் செரோட்டோனின் (நரம்பு செல்கள் செய்தி பரிமாறும் ரசாயனம்) இருக்கிறதாமே, அது போதாதா? (வாசகர், பெரம்பூர்)

பதில்: முதல் நாளே போய்விட்டது. தாமதம் வேறு இடத்தில்.

விழுங்கிய சுமார் 5 மணி நேரத்தில் இரத்தத்தில் மருந்தின் அளவு உச்சத்தைத் தொடும். மூளையின் நுண்குழாய்ச் சுவரில் செல்கள் இடுக்கில்லாமல் ஒட்டியிருப்பதால் நடுவே நழுவ வழியில்லை. செல்லின் கொழுப்புப் படலத்தில் கரைந்து, உள்ளே புகுந்து, மறுபக்கம் வெளியேற வேண்டும். அதற்கு மூலக்கூறு சிறியதாகவும் கொழுப்பில் கரைவதாகவும் இருக்க வேண்டும். இந்த மருந்தின் எடை 324 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). 500-ஐத் தாண்டினால்தான் பாடு. இரத்தப் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பங்கு (இந்த மருந்தில் சுமார் 56 சதவீதம்) அந்த நிலையில் உள்ளே போகாது. ஆனால் ஒட்டாத பங்கு உள்ளே போகப்போக, ஒட்டியதும் விடுபட்டுக்கொண்டே இருக்கும். செர்ட்ராலின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்து 98 சதவீதம் ஒட்டியிருந்தும் வேலை செய்வது இப்படித்தான்.

சுவரில் பி-கிளைகோபுரதம் என்ற பம்பும் உண்டு. நுழைந்த மருந்தில் கொஞ்சத்தை இரத்தத்துக்கே திருப்பித் தள்ளும். இதற்கென்று மரபணுப் பரிசோதனைக்குக் காசைக் கொட்ட வேண்டாம், ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை.

வாழைப்பழத்துச் செரோட்டோனின் இந்தச் சுவரைத் தாண்டாது. மூளை தனக்கு வேண்டியதை டிரிப்டோபேன் என்ற, உணவில் கிடைக்கும் அமினோ அமிலத்திலிருந்து தானே தயாரித்துக்கொள்கிறது. பழம் சாப்பிடுங்கள், மலச்சிக்கலுக்கு நல்லது.

பிறகு ஏன் தாமதம்? செரோட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் வாயிலை மருந்து சில மணி நேரத்திலேயே அடைத்துவிடும். செரோட்டோனின் அளவு கூடியதும், அதைச் சுரக்கும் நரம்பு செல்களிலுள்ள 5-எச்டி1ஏ ஏற்பிகள் (செரோட்டோனினை உணரும் புரதங்கள்) சுரப்புக்குப் பிரேக் போடும். அந்தப் பிரேக் தளர 2 முதல் 3 வாரம் ஆகும் என்பதே பரவலான விளக்கம். இரத்த அளவு நிலைப்படவே ஒரு வாரம் பிடிக்கும். உடம்பின் செரோட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் இருப்பதால் குமட்டல் முந்திக்கொள்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், மருந்து சேர்வது குறையாது. பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும்.

நீங்களாக இரட்டிப்பாக்காதீர்கள், சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் டிராமடால், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வாங்கும் முன் இந்த மாத்திரையைச் சொல்லுங்கள்: முதலாவது செரோட்டோனினை அளவுமீறி ஏற்றலாம், இரண்டாவது இரத்தக் கசிவைக் கூட்டும். நீர் மாத்திரை எடுக்கும் பெரியவர்களுக்குத் தலைவலி, குழப்பம் வந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

4 வாரம் முடிந்தும் துளி மாற்றம் இல்லையென்றால் டாக்டரிடம் போங்கள். முதல் வாரங்களில், அதுவும் 25 வயதுக்குள், படபடப்போ தற்கொலை எண்ணமோ வந்தால் காத்திருக்காதீர்கள்: அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருபத்துநாலு மணி நேரமும் எடுக்கும், நேரில் என்றால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை.